திங்கட்கிழமை நோய்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்று பேசிப் பழகிய நாடு நம் நாடு. ஆடையின் பெருமையைக் கூறும் அந்தப் பழமொழிக்கு இன்னொரு பொருளும் உண்டு. அதை உலகுக்குக் காட்டியவர்கள் பஞ்சாலைத் தொழிலாளர்கள். ஊருக்கு ஆடை முழுதாக வேண்டுமென்பதற்காக, ஆள் பாதியாகிப் போனான்! படிக்கட்டில் பாதிவரை ஏறி நின்று திணறும் கால்கள், பேச்சின் பாதியில் முறிந்துபோகும் குரல், இழுத்தாலும் பாதிக்கு மேல் நிரம்பாத மார்பு. இவை அவன் பெற்ற பரிசுகள்.

மன்னர்கள் உடுத்திய பட்டின் வரலாறு ஏடுகளில் இருக்கிறது. மாளிகைகளை அணிசெய்த மெல்லிய துகிலின் வரலாறும் இருக்கிறது. அந்த நூலை நூற்றவனின் நுரையீரலுக்கு வரலாறு இல்லையா? இருக்கிறது, தோழர்களே! முந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எடுத்துரைக்க விழைகிறோம். நோயின் கதையாக மட்டும் அதை நாம் கூறவில்லை. உண்மையை முதலில் கண்டவர் யார், கண்ட உண்மையைக் காணாதார்போல் கடந்து சென்றவர் யார் என்ற வழக்கும் அதனுள் அடங்கியிருக்கிறது.

பேராசிரியர் பாடம் கேட்டார்

இத்தாலி நாட்டின் மோடெனா நகரில் வாழ்ந்தவர் பெர்னார்டினோ ராமாசினி. மருத்துவப் பேராசிரியர். ஒரு நாள் அவர் வீட்டுக் கழிவுக்குழியைத் துப்புரவு செய்ய ஒருவன் வந்தான். மூச்சுவிடவும் நேரமின்றி விரைந்து வேலை செய்த அவனைப் பார்த்து, "ஏன் இத்தனை விரைவு?" என்று கேட்டார். இந்தக் குழியில் நெடுநேரம் நின்றால் கண் கெட்டுவிடும் என்று அவன் மறுமொழி கூறினான். அந்த மறுமொழி பேராசிரியரை ஆழ்ந்த எண்ணத்தில் ஆழ்த்திற்று. ஊரெங்கும் சென்றார், தொழிலாளர் பலரைக் கண்டார், பட்டறைகளில் நுழைந்து பார்த்தார். அதன் பயனாக 1700 ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது.

கழிவுக்குழியில் இறங்கியவனிடம் பாடம் கேட்ட பேராசிரியர்! தொட்டால் தீட்டு, பார்த்தால் பாவம் என்று வகுத்து வைத்திருந்த நம் நாட்டில், அந்நாளில், ஒரு பண்டிதர் இதைச் செய்திருப்பாரா? எண்ணிப் பாருங்கள்.

நோயாளியிடம் பழைய மருத்துவர்கள் கேட்டுவந்த கேள்விகளோடு, "உன் தொழில் யாது?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றார் ராமாசினி. மூன்று சொல் கேள்விதான். ஆனால் அதற்கு முன்னர் எத்தனை தலைமுறை அது கேட்கப்படாமலே மாண்டது! ஆளி நாரையும் சணப்பு நாரையும் சிக்கெடுத்துச் சீவுவோரின் தொண்டையிலும் நுரையீரலிலும் அந்த நாரின் தூசு புகுகிறது, ஓயாத இருமலைத் தருகிறது, மெல்ல மெல்ல இளைப்பு நோயில் தள்ளுகிறது என்று அவர் எழுதினார். தானியம் சலிப்போரும் அளப்போரும் படும் துன்பத்தையும் தனியே எழுதினார். உயிருள்ள பொருளிலிருந்து பிறக்கும் தூசு உயிரைக் குடிக்கும் என்பது, பஞ்சாலைகள் தோன்றுவதற்கு முன்பே அச்சேறிவிட்ட உண்மை.

பொறி வந்தது

1771 இல் இங்கிலாந்தின் கிராம்ஃபோர்டில் ஆர்க்ரைட் தம் நூற்பாலையைத் தொடங்கினார். ஆற்று நீரின் விசையால் பொறிகள் ஓடின. பின்னர் நீராவி வந்தது. மான்செஸ்டரைச் சூழ்ந்த லங்காஷயர் வட்டாரம் உலகின் நூற்புக்கூடமாயிற்று. அமெரிக்கத் தென்மாநிலங்களில் நீக்ரோ அடிமைகள் குருதி சிந்திப் பறித்த பஞ்சு கப்பலேறி அங்கே வந்து குவிந்தது. ஒரு கண்டத்தில் அடிமையின் முதுகு, மற்றொரு கண்டத்தில் ஏழையின் மார்பு. இரண்டின்மேலும் எழுந்தது அந்தச் செல்வம்.

பஞ்சு ஆலைக்குள் படும் பாட்டை அறிந்தால்தான் நோயின் பிறப்பிடம் விளங்கும். இறுக்கிக் கட்டிய பேல்களைப் பிரித்து, பஞ்சை அடித்து உதறிச் சுத்தம் செய்யும் இடம் ஒன்று. நம் ஆலைகளில் அதைப் புளோரூம் என்பார்கள். அடுத்தது கார்டிங். கூரிய கம்பிப் பற்கள் நிறைந்த உருளைகள் பஞ்சைச் சீவி, இழைகளை ஒழுங்குபடுத்தும் இடம். காய்ந்த இலையின் துணுக்கு, காயைச் சூழ்ந்த செதிலின் நொறுங்கல், மண், நுண்ணுயிர் எல்லாம் பஞ்சோடு ஒட்டிவந்து இங்கேதான் காற்றில் கலக்கின்றன. கம்பிப் பற்களில் அடைந்த கழிவை அந்நாளில் ஆளே நின்று உரித்தெடுக்க வேண்டும். அவன் நின்ற இடம் வெண்புகை மண்டலம். நூல் அறுந்துபோகாதிருக்க ஈரமும் வெப்பமும் வேண்டுமென்று காற்றோட்டத்தையும் அடைத்துவிடுவார்கள். இழைக்குக் காட்டிய பரிவை இதயத்துக்குக் காட்டவில்லை!

1831 இல் மான்செஸ்டரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் ஃபிலிப்ஸ் கே என்பவர், நூற்பாலைத் தொழிலாளரிடம் காணும் இருமலையும் மார்பு நோவையும் விவரித்து, அதை நூற்போர் நோய் என்றே குறித்தார். ஆயினும் அதன் தனி அடையாளம் என்ன என்பது இன்னும் வெளிப்படவில்லை. அதை வெளிப்படுத்தியவர்கள் கல்லூரி கண்டவர்கள் அல்லர்.

கெண்ட் நகரத்து எளியோர்

பெல்ஜியம் நாட்டின் கெண்ட் நகரம். மாரெஸ்கா, ஹேமான் என்ற இரு மருத்துவர்கள் அந்நகரத்துப் பஞ்சாலைத் தொழிலாளரை ஆராய்ந்து 1845 இல் தம் அறிக்கையை வெளியிட்டனர். தொழிலாளர் அனைவரும் ஒரே செய்தியைக் கூறினராம்: தூசு எங்களைத் திங்களும் செவ்வாயும் மிகவும் வருத்துகிறது, வாரக் கடைசியில் அத்தனை வருத்துவதில்லை.

விந்தையன்றோ இது! ஒரே ஆலை, ஒரே பொறி, ஒரே தூசு. ஞாயிறன்று ஓய்ந்து, உறங்கி, தெளிந்து வருபவனைத் திங்கள் ஏன் வாட்ட வேண்டும்? திங்கள் என்றால் நிலவு, குளுமை என்று நாம் படித்திருக்கிறோம். அவனுக்குத் திங்கள் நெருப்பாயிற்று.

முதலாளிகளிடம் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அடித்த கூத்தின் விளைவு என்றார்கள் அவர்கள். குடித்துக் களித்தவன் மறுநாள் மூச்சு முட்டுகிறது என்கிறான், அவ்வளவே! தொழிலாளர்களோ வேறு காரணம் கூறினார்கள். வாரம் முழுவதும் தூசில் நின்று உடல் ஓரளவு பழகிப்போகிறது, ஒரு நாள் இடைவெளியில் அந்தப் பழக்கம் போய்விடுகிறது, ஆகவே திங்களன்று தூசு மீண்டும் புதிதாய்த் தாக்குகிறது என்றார்கள்.

இரண்டு காரணங்களையும் தராசில் வைத்துப் பார்ப்போம். குடியே காரணமென்றால், குடியாதவனுக்கு ஏன் அந்நோய்? குடியே காரணமென்றால், தூசு குறைந்த பகுதியில் வேலை செய்பவனைவிடக் கார்டிங்கில் நிற்பவனை ஏன் அது மிகுதியாய்ப் பிடிக்கிறது? ஞாயிறு எல்லார்க்கும் பொது. தூசுதான் எல்லார்க்கும் பொதுவாக இல்லை. எங்கே தூசு மிகுதியோ அங்கே நோய் மிகுதி. எழுதப் படிக்க அறியாதவர்களாயினும் அவர்கள் நாளை எண்ணினார்கள், உடலைக் கவனித்தார்கள், காரியத்திலிருந்து காரணத்துக்குச் சென்றார்கள். பகுத்தறிவு என்று நாம் போற்றுவது இதைத்தானே!

நம் ஊர்ப் பஞ்சாங்கக்காரரிடம் இந்நோயைச் சொல்லியிருந்தால் என்ன கூறியிருப்பார்? "திங்கள் காலை ஏழரை முதல் ஒன்பது வரை இராகுகாலம். அந்நேரத்தில் ஆலைக்குள் நுழைந்தால் ஆகுமா?" என்று பரிகாரத்துக்கு நாள் குறித்திருப்பார். ஆனால் வெள்ளிக்கிழமை ஓய்வுநாளாக உள்ள நாடுகளில் இந்நோய் சனிக்கிழமையில் தலைகாட்டுகிறது. கிழமை முறை வைத்து ஓய்வு தரும் ஆலையில், ஒருவனுக்கு புதனும் இன்னொருவனுக்கு வெள்ளியும் 'திங்கள்' ஆகிவிடும். இராகு இடம் மாறவில்லை, ஐயா! ஓய்வுநாள் இடம் மாறியது!

பெயர் சூட்டினார்கள்

1861 இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த பஞ்சு நின்றது. லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சை நாடின. சூரத்துப் பஞ்சு என்று பெயர்பெற்ற அதில் குப்பையும் தூசும் மிகுதி. அதைக் கையாண்ட தொழிலாளர் படும் உடல்துன்பத்தை ஜெஸ்ஸி லீச் என்னும் மருத்துவர் 1863 இல் 'லான்செட்' ஏட்டில் எழுதினார். நம் நாட்டுப் பஞ்சும் இந்த வரலாற்றில் இப்படித்தான் இடம்பெற்றது.

1877 இல் பிரான்சு நாட்டு மருத்துவர் அட்ரியன் ப்ரூஸ்ட் இந்நோய்க்குப் பெயர் சூட்டினார். மெல்லிய துகிலைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து 'பிசினோசிஸ்' என்ற பெயர் பிறந்தது. பெயர் அழகானதுதான். ஆனால் பெயர் சூட்டியதால் தூசு படியவில்லை.

இன்றைய மருத்துவம் என்ன கூறுகிறது? பெருந்தூசு மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசே உள்ளே செல்கிறது. அத்தூசோடு செல்லும் ஒருவகை நுண்ணுயிர்களின் புறச்சுவரில் எண்டோடாக்சின் என்னும் நச்சு உண்டு. அது மூச்சுக்குழாயைப் புண்படுத்திச் சுருங்கச் செய்கிறது. இந்நோய்க்குத் தலையாய காரணமாக அறிஞர்கள் அதையே கருதுகிறார்கள். நாள்தோறும் அந்நச்சைச் சந்திக்கும் உடல் சிறிது தாங்கப் பழகுகிறது. இடைவெளி விட்டால் அப்பழக்கம் தளர்ந்துவிடுகிறது. கெண்ட் நகரத்துப் பாட்டாளி 1845 இல் கூறியதற்கும் இதற்கும் எத்தனை தொலைவு? சோதனைக்கூடம் ஒன்றரை நூற்றாண்டு நடந்து, கூலிக்காரன் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது!

தொடக்கத்தில் திங்கள் மட்டும் மார்பு இறுகும். பிறகு செவ்வாயும் புதனும் இறுகும். ஆண்டுகள் செல்லச்செல்ல வாரமெல்லாம் திங்களாகிவிடும். இறுதியில் ஆலையை விட்டு விலகினாலும் மூச்சு திரும்பாது. தொடக்கத்திலேயே தூசைவிட்டு அகன்றவனுக்கு மீட்சி உண்டு. புகைப்பவனுக்குக் கேடு விரைந்து வரும், புகையாதவனையும் விட்டுவிடாது. கல்தூசு நோயைப்போல் எக்ஸ்ரே படத்தில் தனித்த வடுவை இது காட்டுவதில்லை. அதுதான் முதலாளிகளுக்கு வாய்ப்பாயிற்று. "படத்தில் ஒன்றுமில்லை. இது வெறும் மார்ச்சளி, பீடி இருமல்" என்று கூறிக் கதவைச் சாத்த வழி கிடைத்தது.

இருபது ஆண்டு இருமியவனுக்கு

பிரிட்டனில் 1932 இல் அரசு அமைத்த குழு கார்டிங் அறைத் தூசைப் பற்றி அறிக்கை தந்தது. 1941 இல் இழப்பீட்டுத் திட்டம் வந்தது. யாருக்கு? அந்த அறைகளில் இருபது ஆண்டு உழைத்திருக்க வேண்டும், முற்றாக முடங்கியிருக்க வேண்டும், அதிலும் ஆணாக இருக்க வேண்டும்! அதே தூசை உண்ட பெண்ணுக்கு அத்திட்டத்தில் இடமில்லை. தூசு ஆண் பெண் பார்க்கவில்லை, சட்டம் பார்த்தது. பின்னர்தான் அந்த வேலிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

1950களில் மான்செஸ்டரில் ரிச்சர்டு ஷில்லிங் என்ற மருத்துவர் ஆலைகளுக்குள் சென்றார். இந்நோய் அருகிவிட்டதென்று பலர் நம்பிய காலம் அது. அவரோ கேள்வித்தாளோடு சென்று, "வாரத்தின் முதல் வேலை நாளில் உங்களுக்கு மார்பு இறுகுகிறதா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். நோய் எங்கும் போய்விடவில்லை. கேட்பாரற்றுக் கிடந்தது, அவ்வளவுதான். அந்த மறுமொழிகளைக் கொண்டே அவர் நோயின் படிகளை வகுத்தார். வேலைக்கு முன்னும் பின்னும் ஒருவன் ஊதித் தள்ளும் காற்றை அளந்து பார்க்கும் முறையும் துணை நின்றது. தொழிலாளியின் சொல்லுக்கு எண்ணின் சாட்சியம் கிடைத்தது.

அமெரிக்காவில் இல்லாத நோய்!

லங்காஷயரில் இருந்த நோய் அமெரிக்காவில் இல்லை என்றனர் அங்குள்ள ஆலை முதலாளிகள். ஆரன்டு போவ்ஹைஸ் என்னும் ஆய்வாளரும் ஷில்லிங் முதலானோரும் அட்லாண்டா நகரத்துச் சிறைச்சாலைக்குள் இயங்கிய அரசுப் பஞ்சாலையில் கைதிகளை ஆராய்ந்தனர். நோய் அங்கே இருந்தது. 1967 இல் அம்முடிவு வெளியாயிற்று.

1969 இல் அந்நாட்டு நெசவுத் தொழில் ஏடு ஒன்று தலையங்கம் தீட்டிற்று. பணத்தாசை பிடித்த மருத்துவர்கள் கற்பித்த நோய் இது என்றது. தாழ்ந்த இனத்தாரைத்தான் இத்தகைய நோய்கள் பீடிக்கும், உயர்ந்தவர்கள் அவற்றை என்றோ வென்றுவிட்டார்கள் என்ற பொருளில் எழுதிற்று. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் குரல் நமக்குப் புதிதன்று. அக்குரல் கடல்கடந்தும் ஆலை முதலாளிக்கு அரணாக நின்ற கொடுமையை அறிந்துகொள்வோம்.

அந்த ஏட்டுக்கு மறுமொழி கூறியவர்கள் கரோலினா மாநிலங்களின் கிழத் தொழிலாளர்கள். மூச்சிரைக்கும் முதியவர்கள் 1975 இல் பழுப்பு நுரையீரல் சங்கம் என்ற பெயரில் ஒன்று திரண்டனர். அரசு விசாரணைக்குச் சென்றனர். ஒரு வாக்கியம் பேசி, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த வாக்கியம் பேசினர். அந்த இடைவெளியைவிட வலிய வாதம் எந்த வழக்கறிஞரிடம் உண்டு?

1978 இல் அமெரிக்க அரசு பஞ்சுத் தூசு விதியை வெளியிட்டது. நூற்புப் பகுதியில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் அத்தூசு இருத்தலாகாது என்றது. முதலாளிகள் உச்சநீதிமன்றம் வரை சென்றனர். செலவையும் பயனையும் எடைபோட்டுப் பார்க்காமல் விதி செய்யலாமா என்று வழக்காடினர். தொழிலாளியின் மூச்சைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் டாலரை அடுக்கச் சொன்னார்கள்! 1981 ஜூன் 17 அன்று தீர்ப்பு வந்தது. செய்யக்கூடிய அளவுக்குத் தொழிலாளியின் உடல்நலத்தைக் காக்க வேண்டுமென்பதே சட்டம். அந்த எடைபோடும் வேலையை நாடாளுமன்றமே முன்னரே முடித்துவிட்டது என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

ஆலைகள் அழிந்துவிடும் என்று கூக்குரலிட்டவர்கள் மூடிய பொறிகளையும் தூசு உறிஞ்சும் குழாய்களையும் நிறுவினார்கள். தூசு குறைந்தது, நோய் குறைந்தது. புதுப் பொறிகளால் உற்பத்தியும் உயர்ந்தது. முடியாது என்று கூறப்பட்டது முடிந்தது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. பின்னாளில் நூற்புத் தொழிலே அந்நாடுகளிலிருந்து பெரிதும் பெயர்ந்து, கூலி மலிந்த கீழ்த்திசைக்கு வந்தது. தொழிலோடு தூசும் வந்தது.

நம் வாசலில்

1888 இல் கோவையில் முதல் பஞ்சாலை எழுந்தது. 1930களில் பைகாராவின் மின்சாரம் வந்தபின் ஆலைகள் அடுக்கடுக்காகப் பெருகின. அதற்கு முன்பே, 1908 இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து கேட்டவற்றுள் வார ஓய்வும் ஒன்று. 1918 இல் பின்னி ஆலைத் தொழிலாளர் சென்னையில் சங்கம் கண்டனர். ஓய்வுநாளே இல்லாதவனுக்குத் 'திங்கள்' ஏது? நோயின் அடையாளத்தைக் காணவும் முதலில் உரிமை வேண்டியிருந்தது!

தூசை அது பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சி அகற்ற வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு கூறிற்று. அச்சட்டத்தின் நோய் அட்டவணையிலும் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையிலும் பிசினோசிஸ் இடம்பெற்றது. 2020 இல் நாடாளுமன்றம் புதிய தொகுப்புச் சட்டமும் நிறைவேற்றியது. ஏட்டில் குறைவில்லை. ஆனால் இருமலோடு வரும் தொழிலாளியிடம் "உன் தொழில் யாது?" என்று கேட்கும் மருத்துவர் எத்தனை பேர்? ஆஸ்துமா என்று எழுதி அனுப்பிவிட்டால் அட்டவணை எப்படித் திறக்கும்?

ஆலைக்குள்ளேயோ வெல்லம் தின்றால் தூசு கரையும், வாழைப்பழம் தின்றால் பஞ்சு வெளியேறும் என்று பேசிக்கொள்கிறார்கள். உணவு செல்வது இரைப்பைக்கு, தூசு செல்வது நுரையீரலுக்கு. ஒரு வழியில் சென்ற வெல்லம் மறுவழியில் சென்ற தூசை எப்படிக் கரைக்கும்? முகத்தில் கட்டும் கைக்குட்டையும் நுண்தூசைத் தடுப்பதில்லை. வெல்லம் மலிவு, உறிஞ்சுகுழாய் விலை மிகுதி. அந்த வேறுபாட்டில்தான் மூடநம்பிக்கை வாழ்கிறது!

நம் நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து, முடிவில் திருமணத்துக்குப் பணம் என்று கூறி வேலை வாங்கிய முறைக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். தாலிக்குப் பொன் தேடச் சென்ற பெண், மார்பில் எதைச் சுமந்து வந்தாள் என்று எவர் அளந்தார்? ஆண்டுகள் கழித்து மூச்சு முட்டும்போது அவள் ஏதோ ஒரு சிற்றூரில் இருப்பாள். அவள் பெயர் எந்த ஆலைப் பதிவேட்டிலும் நோயாளியாக இராது. "என் தலையெழுத்து" என்பாள், பாவம்! அவள் தலையில் எவரும் எழுதவில்லை. அவள் நுரையீரலில் எழுதியிருக்கிறார்கள்.

தோழர்களே! விதி என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று தலைவிதி, மற்றொன்று சட்ட விதி. முன்னதை நம்பியிருந்த இடங்களில் தூசு பறந்தது. பின்னதைக் கேட்டுப் பெற்ற இடங்களில் தூசு அடங்கியது. இந்த முந்நூறு ஆண்டு வரலாறு நமக்குக் கூறுவது இதுவே. உங்கள் ஊர் ஆலையில் பணிபுரியும் அண்ணனையோ அக்காளையோ இன்று மாலை கண்டால், ராமாசினி கேட்ட கேள்வியையும் ஷில்லிங் கேட்ட கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: "என்ன வேலை பார்க்கிறீர்கள்? ஓய்வு முடிந்து போகும் முதல் நாளில் மார்பு இறுகுகிறதா?" அவர்கள் கூறும் நாளை ஒரு தாளில் குறித்து வையுங்கள், மருத்துவரிடமும் சங்கத்திடமும் அந்தத் தாளோடு செல்லுங்கள்.

கெண்ட் நகரத்தவர் கூறியதை உலகம் செவிமடுக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. நம்மவர் கூறுவதைக் கேட்க இன்னொரு நூற்றாண்டு வேண்டாம்.